தென்னந்தோப்பு வடிகாலும் குளத்துக் கெண்டையும்

வாசகர் கேள்வி: ஒரத்தநாடு வட்டத்தில் 3 மா பரப்பில் மீன்குளம் வைத்திருக்கிறேன். மாசியில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் விட்டேன். கோடையில் போர்த் தண்ணீர்தான். வைகாசியில் தண்ணீர் 3 அடிக்கு இறங்கிப் பாசி மண்டிவிட்டதால், மருந்துக் கடையில் சொன்னபடி 5 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து மீண்டும் 5 கிலோ போட்டேன். நான்காம் நாளிலிருந்து மீன்கள் நண்பகலிலும் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. தீவனத்துக்கு வருவதில்லை. தொட்டால் வழவழவென்று கோழை ஒட்டுகிறது, செவுள் செங்கல் நிறமாக இருக்கிறது. சிறிய மீன்கள்தான் முதலில் செத்தன. ஆனியில் பெய்த மழையில் மேற்கே உள்ள தென்னந்தோப்பின் வடிகால் குளத்தில் விழுந்தபோது இன்னும் நாற்பது போயின. மேலே சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலப்பதால் வந்த வினை என்கிறார்கள். வியாபாரி மீன் எடுக்க மறுக்கிறார். தண்ணீர்ப் பரிசோதனையில் பி.ஹெச். 6.6, காரத்தன்மை 60, கடினத்தன்மை 70, போர்த் தண்ணீரில் இரும்பு 2.1 என்று வந்திருக்கிறது. இதற்குக் காரணம் என்ன? இந்த மீனைச் சாப்பிடலாமா? இருப்பைக் காப்பாற்ற முடியுமா? புதுக் குஞ்சு எப்போது விடலாம்?

பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தேதியும் அளவும் குறித்து எழுதியிருப்பதால்தான் இந்தப் பதிலை ஓரளவு உறுதியோடு எழுத முடிகிறது. பெரும்பாலான கடிதங்களில் 'மீன் சாகிறது, மருந்து சொல்லுங்கள்' என்ற ஒரு வரிதான் இருக்கும்.

முதலில் சாயப்பட்டறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூர்க் கழிவைச் சுமந்த நொய்யலும், கரூரைக் கடந்து வரும் அமராவதியும் கல்லணைக்கு மேலேயே காவிரியில் சேர்கின்றன என்பதால், டெல்டாவில் எங்கே மீன் செத்தாலும் கை முதலில் அந்தப் பக்கம் நீள்வது இயல்பு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் காரணமில்லாமல் அல்ல. ஆனால் சாயக் கழிவில் மிகுதியாக இருப்பது உப்பு. அதோடு வரும் உலோகங்களில் பெரும்பகுதி நுண்ணிய களிமண்ணில் ஒட்டிக்கொண்டு, மாயனூர், முக்கொம்பு, கல்லணை எனத் தண்ணீர் தேங்கும் இடங்களில் வண்டலாகப் படிந்து, வெள்ளக் காலத்தில்தான் கிளம்பி வருகிறது. உங்கள் குளத்திலோ ஆற்றுத் தண்ணீரே வராத வைகாசியில் தொல்லை தொடங்கியிருக்கிறது. ஆகவே ஆற்றை விட்டுவிட்டு, கரைக்கு உள்ளே இருப்பதையும் கரையை ஒட்டி இருப்பதையும் பார்ப்போம். என் கணிப்பில் மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன: மயில்துத்தம், போர்த் தண்ணீரின் இரும்பு, தென்னந்தோப்பு வடிகால். இம்மூன்றையும் கடுமையாக்கியது உங்கள் தண்ணீரின் மென்மை, அதாவது அதில் கால்சியமும் காரத்தன்மையும் குறைவாக இருப்பது.

மயில்துத்தத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3 மா என்பது ஏறத்தாழ ஓர் ஏக்கர். 3 அடி ஆழத்தில் அதில் சுமார் 37 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் 5 கிலோ கரைத்தால் லிட்டருக்கு 1.35 மில்லிகிராம் மயில்துத்தம், அதாவது சுமார் 0.34 மில்லிகிராம் தாமிரம் ஆகிறது. மயில்துத்தத்தை அளக்க மீன்வளர்ப்பில் நெடுங்காலமாக ஒரு விதி இருக்கிறது: மொத்தக் காரத்தன்மையை (அமிலத்தைத் தாங்கும் திறன், பி.ஹெச். அல்ல) 100ஆல் வகுத்து வரும் எண்ணே, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் போடலாம் என்பதன் மேல்வரம்பு. உங்கள் காரத்தன்மை 60 என்பதால் வரம்பு 0.6. குளம் முழுவதற்கும் 2.2 கிலோவைத் தாண்டியிருக்கக் கூடாது. ஒரு தடவைக்கே இரண்டு மடங்குக்கு மேல் போட்டுவிட்டு, தண்ணீர் மாற்றாமல் மறுபடியும் அதே அளவைப் போட்டிருக்கிறீர்கள். காரத்தன்மை 50க்குக் கீழே இருந்தால் மயில்துத்தத்தைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. 60 என்பதும் அந்த எல்லையின் ஓரம்தான். மருந்துக் கடைக்காரர் 'ஏக்கருக்கு 5 கிலோ' என்று சொன்னதில் வஞ்சகம் ஒன்றும் இருந்திருக்காது. 5 அடித் தண்ணீரும் 150 காரத்தன்மையும் உள்ள குளத்தில் அதே 5 கிலோ வரம்புக்கு உள்ளேயே அடங்கும். உங்கள் குளம் எப்படிப்பட்டது என்று அவரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

ஒரே அளவு உலோகம் ஒரு குளத்தில் மருந்தாகவும் அடுத்த குளத்தில் நஞ்சாகவும் நடந்துகொள்வது ஏன் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நன்னீர் மீனின் இரத்தம் உப்பானது, சுற்றியிருக்கும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. ஆகவே மீன் ஓயாமல் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்து சோடியத்தையும் கால்சியத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். தாமிரம் செவுளில் சோடியம் நுழையும் வாசலை அடைக்கிறது. காட்மியமும் துத்தநாகமும் ஈயமும் கால்சியத்தின் வாசலில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அதே இடத்துக்கு அதுவும் போட்டியிடும், உலோகத்துக்கு இடம் கிடைக்காது. காரத்தன்மை கூடுதலாக இருந்தால் தாமிரத்தின் பெரும்பகுதி கார்பனேட்டோடு சேர்ந்து, மீனுக்குள் புக முடியாத வடிவத்துக்குப் போய்விடும். பி.ஹெச். 7க்குக் கீழே இறங்கினால் உலோகம் மறுபடி கரைந்து தனித்து நிற்கும். செம்புறை மண்ணும் மென்னீரும் உள்ள உங்கள் பக்கத்துக் குளத்தில் செவுளுக்கு அந்தக் காப்பு இல்லை.

அடைபட்ட செவுள் தன்னைக் காத்துக்கொள்ளக் கோழையைச் சுரக்கிறது. நீங்கள் கையில் உணர்ந்த வழவழப்பு அதுதான். கோழை தடித்து, செவுள் இழைகள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், தண்ணீரில் பிராணவாயு போதுமான அளவு இருந்தும் மீனால் எடுக்க முடியாது. பிராணவாயுக் குறைவால் வரும் மூச்சுத்திணறல் விடியற்காலையில் உச்சமாக இருந்து வெயில் ஏற ஏறத் தணிந்துவிடும், அதில் பெரிய மீன்தான் முதலில் சாகும். உங்கள் குளத்தில் நண்பகலிலும் திணறுகிறது, சிறியவை முதலில் செத்திருக்கின்றன. இந்த இரண்டு குறிப்பையும் நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் நானும் ஏரேட்டர் போடச் சொல்லிக் கடிதத்தை முடித்திருப்பேன். தீவனத்துக்கு வராததற்கும் தாமிரமே காரணமாக இருக்கலாம். மீனின் மூக்குத் துளைக்குள் மணம் அறியும் நரம்பு முனைகளை, கொல்லும் அளவுக்கு மிகக் கீழே உள்ள தாமிரமே மழுங்கடித்துவிடும். புண்ணாக்கு கரைவது பக்கத்தில் இருக்கும் மீனுக்கே தெரியாது.

செங்கல் நிறச் செவுளுக்கு வருகிறேன். ஒரு மீனைப் பிடித்து, செவுள் மூடியைத் தூக்கி, வெள்ளைத் துணியால் இழையை மெதுவாக ஒற்றிப் பாருங்கள். துணியில் துருப்பொடி போல மஞ்சள் கலந்த பழுப்பு ஒட்டினால் அது இரும்புப் படிவு. துணியில் ஒன்றும் ஒட்டாமல், வெட்டினால் வரும் இரத்தமே காப்பிக் கொட்டை நிறத்தில் இருந்தால் அது நைட்ரைட் நஞ்சு. அதற்கு வைத்தியம் வேறு. 2.1 மில்லிகிராம் இரும்பு என்ற அளவைப் பார்த்தால் முதலாவதைத்தான் எதிர்பார்க்கிறேன். மீன்குளத் தண்ணீரில் இரும்பு அரை மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்திருக்கும் இரும்பு, மோட்டார் வழியே மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாக மாறுகிறது. அந்த மாற்றம் குளத்துக்குள் நடந்தால் பிராணவாயுவையும் கொஞ்சம் குடித்துவிட்டு, துருவைச் செவுளின் மேலேயே கொண்டுபோய் அப்பிவிடும். வெள்ளை வாளியில் போர்த் தண்ணீர் பிடித்து வைத்துப் பாருங்கள். பிடித்தவுடன் பளிங்காக இருந்து, நேரம் போகப் போகத் தேநீர் நிறத்துக்கு வரும். ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூள் போட்டால் கருத்துப் போவதும் இரும்புக்கு அடையாளம். வாய்க்கால் ஓரத்தில் எண்ணெய் போல மின்னும் ஏட்டைப் பார்த்து 'டீசல் கலந்துவிட்டது' என்று பலர் பயப்படுகிறார்கள். குச்சியால் தொட்டால் அது கண்ணாடிச் சில்லு போல உடைந்து விலகி நின்றால் இரும்பில் வாழும் நுண்ணுயிரின் ஏடு, சுழன்று மறுபடி ஒன்று சேர்ந்தால்தான் எண்ணெய்.

மூன்றாவது, தென்னந்தோப்பு. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் இந்தப் பகுதியில் கண்டறியப்பட்டு, ஊர்ப் பெயராலேயே தஞ்சாவூர் வாடல் நோய் என்று வழங்கும் நோய்க்கு, மரத்தைச் சுற்றி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை 1 சதவீத அளவில் 40 லிட்டர் ஊற்றுவது வழக்கமான பரிந்துரை. அந்தக் கலவையில் 100 லிட்டருக்கு 1 கிலோ மயில்துத்தம் சேர்கிறது. அப்படியானால் ஒரு மரத்துக்கு 400 கிராம், நூறு மரத்துக்கு 40 கிலோ. நீங்கள் குளத்தில் போட்ட பத்துக் கிலோவைப் போல நான்கு மடங்கு. அதில் பெரும்பகுதி மண்ணைப் பற்றிக்கொண்டு அங்கேயே நிற்கும் என்றாலும், ஊற்றிய சில நாட்களுக்குள் கோடைமழை அடித்துப் பெய்தால் மேல்மண்ணோடு கழுவிக்கொண்டு வடிகாலுக்கு வரும். தோப்புக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், எந்த மாதம் ஊற்றினார் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் தம் மரத்தைக் காப்பாற்றச் செய்ததில் தவறில்லை, அவருடைய வடிகால் உங்கள் குளத்தில் விழுவதுதான் தவறு. நெல்லில் இலட்சுமி நோய்க்குத் தெளிக்கும் தாமிர மருந்துக்கும், அடியுரத்தோடு ஏக்கருக்கு 10 கிலோ வீதம் இடும் சிங்க் சல்பேட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். டெல்டாவில் ஒருவரின் வடிகால் அடுத்தவருக்குப் பாசன வாய்க்கால் என்பது தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கையாலேயே நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த புதிதில், லாரியில் வந்த ரோகுக் குஞ்சுகளை இறக்கி வைக்க இடம் போதாமல், அன்றுதான் வாங்கிவந்த துத்தநாகம் பூசிய தகரத் தொட்டி ஒன்றில் போர்த் தண்ணீர் நிரப்பி விட்டேன். மறுநாள் காலை பக்கத்து சிமெண்ட் தொட்டிக் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன, தகரத் தொட்டியில் இருந்தவை அடியில் வெள்ளையாகக் கிடந்தன. தண்ணீர் ஒன்று, குஞ்சு ஒன்று, தொட்டிதான் வேறு. அதற்குப் பின் புதிய ஜி.ஐ. குழாயையோ தொட்டியையோ பல நாள் தண்ணீர் விட்டுக் கழுவாமல் குஞ்சுக்குப் பயன்படுத்த நான் யாருக்கும் சொன்னதில்லை.

இப்போது இருப்பைக் காப்பாற்றும் வழி. தோப்பு வடிகாலை இன்றே மண்மூட்டை போட்டுத் திருப்பிவிடுங்கள். தீவனத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து, மீன் தானாகத் தேடி வரும்வரை கூட்டாதீர்கள். தின்னாத தீவனம் அழுகினால் இருக்கிற தொல்லையோடு அம்மோனியாவும் சேரும். மயில்துத்தத்தில் செத்த பாசியும் இப்போது அடியில் அழுகிக்கொண்டிருக்கும் என்பதால் இரவில் தண்ணீரை ஓடவிட்டோ ஏரேட்டர் வைத்தோ காற்றேற்றுவது நல்லது. மீன் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக வலை இழுக்காதீர்கள். சேற்றில் போய்ப் படிந்துவிட்ட தாமிரத்தை நீங்களே கலக்கிவிடுவதாக ஆகும்.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், ஆனால் போர்த் தண்ணீரை நேரே குளத்தில் விடாதீர்கள். கரையில் அரை மா அளவுக்கு ஒரு சிறு குட்டை எடுத்து, குழாய் வாயில் செங்கல் ஜல்லியையும் ஓட்டுத் துண்டுகளையும் படிப்படியாக அடுக்கி, தண்ணீர் அதன்மேல் சிதறி விழும்படி செய்து, இரண்டு நாள் தேங்கவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் குளத்துக்கு எடுத்தால் இரும்பில் பெரும்பகுதி குட்டையின் அடியிலேயே தங்கிவிடும். பி.ஹெச். 7க்கு மேல் இருந்தால் துரு விரைவாகப் படியும், 6.5க்குக் கீழே இழுத்துக்கொண்டே போகும். ஆகவே அந்தக் குட்டையிலும் கொஞ்சம் சுண்ணாம்புக்கல் தூள் போட்டு வையுங்கள். குட்டையில் வெங்காயத்தாமரை விடலாமா என்று கேட்பீர்கள். அது உலோகத்தை நன்றாக உறிஞ்சும் என்பது உண்மை. உறிஞ்சியதை வாரம் தவறாமல் வாரி வெளியே போடும் ஆள் வேண்டும் என்பதும் உண்மை. குட்டையிலேயே அழுகவிட்டால் எடுத்த உலோகம் அத்தனையும் திரும்பிவிடும். வாரியதைப் புல்கெண்டைக்குத் தீனியாகவோ மாட்டுக்கோ போடக் கூடாது.

காரத்தன்மையை 60லிருந்து 100க்குக் கொண்டுவர உங்கள் குளத்துக்குக் கணக்குப்படி சுமார் 150 கிலோ நுண்ணிய சுண்ணாம்புக்கல் தூள் தேவை. 50 கிலோ வீதம் வாரத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை பரவலாகத் தூவுங்கள். அது மெதுவாகத்தான் கரையும், மெதுவாகக் கரைவதே இங்கே நமக்கு வேண்டியது. மீன் இருக்கும் குளத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பையோ சுட்ட சுண்ணாம்பையோ கொட்டினால் பி.ஹெச். ஒரேயடியாக ஏறி, அம்மோனியா நஞ்சாகி, மிஞ்சியதும் போய்விடும். கலங்கல் தெளிய வேண்டும் என்று படிகாரம் போடும் வழக்கமும் உங்கள் பக்கம் இருக்கிறது. அது காரத்தன்மையை இன்னும் தின்றுவிடும் என்பதால் இந்த ஆண்டு வேண்டாம். கல் உப்பு செவுள் அடைபட்ட மீனுக்கு ஆறுதல்தான், ஆனால் ஆயிரத்துக்கு ஒரு பங்கு என்றாலே இந்தக் குளத்துக்கு 3,700 கிலோ ஆகும். தொட்டியில் வைத்த குஞ்சுக்குத்தான் அது கட்டுப்படியாகும். நச்சை உறிஞ்சும் தூள் என்று வண்ணப் பையில் விற்க வருபவரிடம், எந்த உலோகத்தை, லிட்டருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொன்னவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

சாப்பிடலாமா என்ற கேள்விக்கு உலோகத்தைப் பொறுத்துப் பதில் மாறும். தாமிரமும் துத்தநாகமும் மீனின் உடலுக்கே சிறிதளவு வேண்டியவை. மிகையானதை அது கல்லீரலில் ஒதுக்கி வைக்கிறது, சதையில் அதிகம் சேர்வதில்லை. காட்மியம் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் போய் உட்கார்ந்தால் நல்ல தண்ணீருக்கு மாற்றினாலும் மாதக்கணக்கில் இறங்காது. ஈயம் எலும்பிலும் செவுளிலும் சேரும். பாதரசம் ஒன்றுதான், அதன் மெத்தில் வடிவத்தில், நேரே சதைக்குப் போவது. 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட துயரம் அதனால் வந்தது. பிற மீனைத் தின்னும் விராலில் அது கூடுதலாகவும், மிதவை உயிரிகளையும் மட்கையும் தின்று ஓராண்டுக்குள் அறுவடைக்கு வரும் கட்லா, ரோகுவில் மிகக் குறைவாகவும் இருக்கும். சேற்றைக் கிளறித் தின்னும் மிர்காலில் ஈயமும் காட்மியமும் மற்ற இரண்டைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு.

உங்கள் குளத்தின் நோய் தாமிரத்தாலும் இரும்பாலும் வந்ததுதான் என்றால், உயிரோடு இருக்கும் மீனின் சதையை உண்பதில் அச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் 'என்றால்' என்ற சொல்லை நான் வேண்டுமென்றே போடுகிறேன். அதை உறுதி செய்யும் வரை விற்பனையை நிறுத்தி வையுங்கள். செத்து மிதந்ததை எக்காரணம் கொண்டும் கருவாட்டுக்குக் கொடுக்காதீர்கள், கரையைவிட்டுத் தள்ளிக் குழிதோண்டிப் புதையுங்கள். வீட்டில் சமைத்தாலும் செவுள், ஈரல், குடல் மூன்றையும் நீக்கிவிட வேண்டும். குடலோடு முழுசாகக் குழம்பில் போடும் பொடிமீனை இந்தக் குளத்திலிருந்து எடுக்க வேண்டாம். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். உலோகம் கிருமி அல்ல, அடுப்பு அதை ஒன்றும் செய்யாது.

உறுதி செய்வது எப்படி? தண்ணீரை மட்டும் இப்போது பரிசோதித்துப் பயனில்லை, ஏனெனில் அன்று வந்த தாமிரம் இன்று சேற்றுக்குப் போயிருக்கும், தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று சீட்டு வரும். மூச்சுத்திணறும் உயிர்மீன் நான்கைந்தைப் பிடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டுப் பனிக்கட்டிக்குள் வைத்து, குளத்தின் மூன்று மூலையிலும் வடிகால் வாயிலும் எடுத்த மேல்சேற்றோடு அன்றே கொடுங்கள். செத்து ஊறிய மீன் எதற்கும் உதவாது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தையோ மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநரையோ முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். செவுள், ஈரல், சதை மூன்றையும் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள், தாமிரத்தோடு ஈயம், காட்மியம் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். சதையில் ஈயத்துக்கான வரம்பு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். அந்தச் சீட்டை வியாபாரியிடம் காட்டினால் அவருக்கும் வேறு பேச்சு இருக்காது.

புதுக் குஞ்சைப் பொறுத்தவரை அவசரம் வேண்டாம். மேட்டூர் திறந்து கல்லணைக் கால்வாயில் வரும் முதல் தண்ணீர், மாதக்கணக்கில் வாய்க்காலில் கிடந்த அத்தனையையும் உருட்டிக்கொண்டு வருவது. பத்து நாளாவது ஓடவிட்டு, கலங்கல் அடங்கிய பிறகே மதகைத் திறங்கள். குளத்தில் 5 அடித் தண்ணீர் நின்று, காரத்தன்மை 100ஐத் தொட்டபின், பக்கத்துப் பண்ணையிலிருந்து இருபது ரோகுக் குஞ்சுகள் வாங்கிவந்து, பத்தை வடிகால் மூலையிலும் பத்தை எதிர்மூலையிலும் சிறு ஹாப்பா (பெட்டி போலத் தைத்த நுண்கண்ணி வலை) வலைக்குள், வலையின் அடி சேற்றைத் தொடும்படி கட்டிவையுங்கள். நான்காம் நாள் காலையில் எண்ணிப் பாருங்கள். இருபதும் இருந்து, தூவிய தவிட்டுக்கு மேலே வந்தால் குஞ்சு வண்டிக்குச் சொல்லுங்கள். வடிகால் மூலையில் மட்டும் குறைந்திருந்தால், அந்த மூலைச் சேற்றை அரை அடி வாரி வயலுக்குக் கொண்டுபோகாமல் கரையின் வெளிச்சரிவில் கொட்டிவிட்டு, எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.